வெட்டுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு, அதாவது 2024 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மரக்கிளை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஒருவர், தம் தலைக்கவசத்தைக் கழற்றி இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். பால்கனியில் நின்று நான் கையை ஆட்டிக் கூப்பாடு போட்டதைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறார். வங்காளதேசத்துப் பிள்ளை, வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். தலைக்கவசத்துக்குள் இரண்டு பச்சைப்புறாக் குஞ்சுகள் கிடந்தன. கண் சரியாகத் திறக்கவில்லை. சிவந்த தோலின்மேல் மஞ்சள் நூல் ஒட்டினாற்போல் மயிர். “மாஃப், மக்சிக்” (மன்னித்துவிடுங்கள், அம்மா) என்று மலாயில் சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் மரத்தூள். கண் கலங்கியிருந்தது.

புறாக் குஞ்சை மனிதர் வளர்ப்பது எளிதன்று. மற்றக் குருவிகள் குஞ்சுக்குப் புழு பூச்சி கொடுக்கும். புறாவோ முதல் சில நாள்களுக்குத் தன் தொண்டைப் பையில் ஊறும் பால் போன்ற ஒன்றைத்தான் ஊட்டும். குஞ்சின் அலகைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொண்டு ஊட்டும். அதற்கு ஈடாக நம் அடுக்களையில் எதுவும் இல்லை. சத்துமாவைக் கரைத்து, மருந்துக் கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். சிறியது அன்று இரவே இறந்துவிட்டது. பெரியது விடியும்வரை என் உள்ளங்கைச் சூட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கு, மசூதியில் பாங்கு சொல்லும் நேரத்தில், அதுவும் அடங்கிவிட்டது.

அன்று அந்தப் பிள்ளைமீது எனக்கு வருத்தம் இல்லை, இன்றும் இல்லை. அவர் கையில் இருந்தது இயந்திர வாள். எந்த மரத்தை எந்த நாளில் வெட்டுவது என்று முடிவு செய்தவர்கள் வேறு. அவர்களிடம் போனேன். குடியிருப்பு நிர்வாகக் குழுவில் ஒருவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “டீச்சர், நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் மூன்றாவது வாரத்தில்தான் வெட்டுகிறோம். இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட இப்படிப் புகார் செய்ததில்லை.”

அவர் சொன்னது உண்மை. நான் 2003-ஆம் ஆண்டிலிருந்து பினாங்கு ஆயர் ஈத்தாமில் இதே வீட்டில் இருக்கிறேன். மே மாதத்தில் கிளை வெட்டுவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். தரையில் காலியான பழங்கூடுகள் விழுந்து கிடக்குமே தவிர, உயிருள்ள குஞ்சு விழுந்து நான் கண்டதில்லை. அப்படியென்றால் சென்ற ஆண்டு மாறியது என்ன? வெட்டிய தேதி மாறவில்லை. குருவிகளின் தேதி மாறிவிட்டது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் காரணம் போய்க் கோரிக்கை மட்டும் மிஞ்சும்.

என்னிடம் இருக்கும் சான்று காலண்டர்தான். ராகு காலம், எமகண்டம், பள்ளி விடுமுறை எல்லாம் அச்சடித்து வரும் மாதக் காலண்டர். கேஸ் தோம்பு மாற்றிய நாள், தண்ணீர்க் கட்டணம் கட்டிய நாள் எல்லாவற்றையும் அந்தக் கட்டங்களில் எழுதி வைப்பது என் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். 2004-இல் என் கணவர் பால்கனியில் தொங்கவிட்ட மணிப்பிளாண்ட் தொட்டியில் ஒரு சின்னான் ஜோடி கூடு கட்டியது. மலாய்க்காரர்கள் மெர்பா காப்பூர் என்பார்களே, அந்தக் குருவி. வெளுத்த முகம், கண்ணருகே கருங்கோடு, வாலுக்கு அடியில் மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். முதல் முட்டை கண்ட நாளில் “சி.மு.” என்று எழுதினேன். சின்னான் முட்டை. அதிலிருந்து ஆண்டுதோறும் எழுதி வருகிறேன். பழைய காலண்டர்களைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கூட்டை ஒருமுறையாவது அருகில் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குச் சிரட்டை அளவு. லாலாங் புல்லையும் காய்ந்த வேரையும் சுற்றிச் சுற்றி வளைத்து, நடுவில் எங்கிருந்தோ கொண்டுவந்த பிளாஸ்டிக் இழையையும் செருகி வைத்திருக்கும். முட்டை வெளிர் ரோஜா நிறம். அதன்மேல் செங்கபிலப் புள்ளிகள், குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் தெளித்ததுபோல. நாளுக்கு ஒன்றாக இரண்டு மூன்று முட்டை இடும். பன்னிரண்டு பதின்மூன்று நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் கூட்டைவிட்டு இறங்கிவிடும். ஆக முதல் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம். பிறகு சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு கூடு.

2004 முதல் 2014 வரையிலான பதினொரு காலண்டர்களில் ஒன்பதில் “சி.மு.” பிப்ரவரி கடைசி வாரத்துக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி இரண்டாவது கூட்டுக் குஞ்சும் பெரும்பாலும் மே மாத நடுவுக்குள் பறந்துவிடும். மூன்றாவது வாரம் மரம் வெட்டினால் பழங்கூடுதான் விழும். எங்கள் நிர்வாகக் குழுவினர் அந்தத் தேதியைக் குருவிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அது குருவிக்கும் பொருந்திப் போயிற்று.

2016-இல் அந்த எழுத்து ஏப்ரல் 29-ஆம் தேதிக் கட்டத்தில் இருக்கிறது. பசிபிக் கடல் சூடேறி இங்கே மழையை விரட்டும் எல் நினோ காய்ச்சிய ஆண்டு அது. பெர்லிஸிலும் கெடாவிலும் வெயில் தாங்காமல் பள்ளிகளை மூடினார்களே, அந்த ஆண்டு. 2022-இல் பொங்கலுக்கு மறுநாளே முதல் முட்டை. 2024-இல், மறுபடியும் எல் நினோ, மே 3. பொரித்துச் சில நாள்களே ஆன சின்னான் குஞ்சுகள் என் தொட்டியில் இருந்தபோதுதான் கீழே பச்சைப்புறாவின் கூடு விழுந்தது. ஒரு பால்கனியில் ஒரு ஜோடியைப் பார்த்து உலகக் கணக்குச் சொல்ல முடியாது; அது ஆசிரியையாக இருந்த எனக்கும் தெரியும். ஆனால் முன்பு மூன்று வாரத்துக்குள் அடங்கிய தேதி இப்போது ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே ஆடுகிறது என்பதை என் கையெழுத்தே எனக்குக் காட்டுகிறது.

குருவி ஏன் மழையைப் பார்த்து முட்டையிட வேண்டும் என்று என் பேத்தி கேட்டாள். அதற்குப் பதில் என் அப்பாவிடம் இருந்தது. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது பாலெடுக்க மரப்பட்டை சீவியவர். விடியற்காலை பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்குடன் நிரை பிடித்து, பால் பிடிக்கும் மங்கு கவிழ்த்து வைத்திருக்கும் மரங்களிடையே நடந்து பழகியவர். ஜனவரி பிப்ரவரியில் மழை விட்டதும் ரப்பர் மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்கும். பால் குறையும், கூலியும் குறையும். பிறகு செம்பு நிறத்தில் துளிர் வரும். “துளிர் வந்தால் புழு வரும், புழு வந்தால் குருவி குடும்பம் நடத்தும்” என்பார் அப்பா. அந்தத் துளிர் நேரத்தில் தப்பித் தவறி மழைத் தூறல் பிடித்துக்கொண்டால், வெண்பூஞ்சை கண்டு இளம் இலைகள் மறுபடியும் கொட்டிவிடும். தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள். அந்த நெடி நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் வரைக்கும் வரும். மழை பத்து நாள் முன்னே பின்னே வந்தாலும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு அது தெரிந்தது. குருவிக்குத் தெரியாமல் இருக்குமா?

பறவையின் கடினம் இதில்தான் இருக்கிறது. அது குறி வைக்க வேண்டியது முட்டையிடும் நாளை அன்று, குஞ்சுகள் வாய் பிளக்கும் நாளை. தீனி மிகுதியாக வேண்டியது அப்போதுதான். அந்த நாள் வருவதற்குப் பல வாரம் முன்பே கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்தாக வேண்டும். ஆகவே இன்றைய அடையாளத்தைக் கொண்டு அடுத்த மாதத் தீனியைக் கணிக்கிறது. அந்த அடையாளத்துக்கும் தீனிக்கும் இருந்த பழைய உறவு அறுந்தால், கணிப்பும் தவறுகிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் என்றொரு காடு இருக்கிறது. அங்கே பட்டாணிக்குருவிகளை 1947-ஆம் ஆண்டிலிருந்து பெட்டி வைத்து, முட்டை எண்ணி, குறித்து வருகிறார்கள். (அந்தக் குருவியின் உறவு ஒன்று நம் மேற்குக் கரை அலையாத்திக் காடுகளிலும் உண்டு.) ஓக் மரம் துளிர்க்கும்போது வரும் கம்பளிப்புழுதான் அங்கே குஞ்சுகளுக்கு உயிர். வசந்தத்தில் வெப்பம் கூடக் கூட ஓக் முந்தித் துளிர்த்தது, புழு முந்தியது. குருவியும் ஓடிப் பிடித்தது. 1960-களில் முட்டையிட்ட நாளைவிட இப்போது ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தி இடுகிறது. உள்ளூரில் இருந்துகொண்டே பருவத்தைத் தொட்டுப் பார்க்க முடிந்ததால் அதற்கு இது முடிந்தது.

நெதர்லாந்தின் கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பானுக்கு அது முடியவில்லை. குளிர்காலத்தை அது மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. புறப்பட வேண்டிய நேரத்தைப் பகல் வெளிச்சத்தின் நீளம் சொல்கிறது. அந்த நீளம் ஆயிரம் ஆண்டு ஆனாலும் மாறாது. நெதர்லாந்தில் வசந்தம் முந்திவிட்டது என்று ஆப்பிரிக்காவில் இருப்பவனுக்கு யார் தந்தி கொடுப்பார்கள்? வழக்கமான நாளில் வந்து சேர்ந்தது. முட்டையை அவசரப்படுத்திப் பார்த்தது. அதற்குள் புழு முடிந்துவிட்டது. தீனி மிக முந்திப்போன காடுகளில் இருபது ஆண்டுக்குள் அந்தக் குருவிகள் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் சொல்லைத் தஞ்சைப் பக்கத்திலிருந்து மூட்டையோடு கட்டிக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறியவர். லயத்துக்குப் பின்னால் ஆடி பிறந்ததும் அவரைக்காய் விதையை ஊன்றினாராம். இந்த நாட்டு மழைக்கு ஆடி தெரியாது. இரண்டு ஆண்டு கொடி பொய்த்தது. மூன்றாம் ஆண்டு பக்கத்து மலாய்க்காரப் பெண்மணியிடம் கேட்டு, விதைக்கும் மாதத்தை மாற்றிக்கொண்டார். பாட்டிக்குக் கேட்க ஒரு வாய் இருந்தது, பக்கத்து வீடு இருந்தது. அந்த ஈப்பிடிப்பானின் ஆடிப்பட்டம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அழித்து எழுத வேண்டும். பருவம் அவ்வளவு அவகாசம் தருவதாக இல்லை.

நம் பினாங்கில் பகல் பெரிதாக நீள்வதும் இல்லை, குறுகுவதும் இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேரம்கூட வேறுபாடு கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் அது ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். பூமத்தியரேகைப் பறவைகளும் அந்தச் சிறு வேறுபாட்டை உணராமல் இல்லை. பனாமாக் காட்டில் எறும்புப்பறவை ஒன்று 17 நிமிட வேறுபாட்டுக்கே உடலைத் தயார் செய்கிறது என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் இங்கே இறுதிச் சொல் மழையுடையது. ஜனவரி பிப்ரவரி வறட்சி, பிறகு திரும்பும் மழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருமழை என்று நமக்கு ஒரு தாளம் இருந்தது. அந்தத் தாளம்தான் குருவிக்குக் காலண்டர். எல் நினோ பழைய விருந்தாளி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது அது வந்து நுழையும் வீடே சூடேறிக் கிடக்கிறது. உலகம் அளக்கத் தொடங்கிய காலத்திலிருந்து மிக வெப்பமான ஆண்டு 2024.

எங்கள் கார் நிறுத்துமிடத்தில் நிற்பவை அங்சானா மரங்கள், பதினொன்று. அங்சானா நம் வேங்கை மரத்தின் உடன்பிறப்பு. பழந்தமிழில் வேங்கைக்குக் கணி என்று ஒரு பெயர் உண்டு. காலம் கணித்துச் சொல்பவனுக்கும் கணி என்றுதான் பெயர். அது பூத்தால் தினை முற்றிற்று, கல்யாண நாள் பார்க்கலாம் என்று மலைவாசிகள் அறிந்தார்கள். வகுப்பில் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் ஜன்னலுக்கு வெளியே நிற்பதும் ஒரு கணிதான் என்று பணி ஓய்வுக்குப் பிறகே உறைத்தது. வறட்சிக்குப் பின் ஒரு நல்ல மழை விழுந்ததும் அங்சானா ஒரே நாளில் குபீரென்று மஞ்சளாகப் பூக்கும், மறுநாள் கொட்டிவிடும். கார்களின் மேலெல்லாம் மஞ்சள் கம்பளம். அந்தப் பூ நாளையும் இப்போது காலண்டரில் எழுதுகிறேன். சின்னான் முட்டையும் அந்தப் பூவும் பெரும்பாலான ஆண்டுகளில் சில வார இடைவெளியில் வருகின்றன. பூ தள்ளிப்போன ஆண்டில் முட்டையும் தள்ளிப்போகிறது.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்ற மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கு வெயில் தொட்டிமேல் விழுந்தபோது, தாய்க்குருவி கூட்டின் விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்துக் குடை பிடித்தது. அலகு பிளந்திருந்தது, தொண்டை படபடவென்று துடித்தது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. அந்த முக்கால் மணி நேரம் அதனால் தீனி தேடப் போக முடியவில்லை. நான் ஒரு பழைய வேட்டியைக் கம்பியில் கட்டி நிழல் செய்தேன். அரைமணி கழித்துப் பறந்துபோய்ப் பச்சைப் புழு ஒன்றுடன் திரும்பியது.

தென்னாப்பிரிக்காவில் கலஹாரிப் பாலையில் மஞ்சள் அலகு இருவாச்சிகளை 2008 முதல் 2019 வரை கவனித்தார்கள். இருவாச்சிப் பெண் பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் ஒரு சிறு இடுக்கு வழியாக ஊட்டும். இங்கே தாவரவியல் பூங்காப் பக்கம் நாம் பார்க்கும் இருவாச்சியும் அப்படித்தான். கலஹாரியில் மழை வந்த பிறகுதான் அவை கூடு புக முடியும். ஆனால் அதே மாதங்கள்தான் கொதிக்கும் மாதங்கள். முதல் மூன்று பருவங்களில் 58 சதவீதக் கூடுகளில் குஞ்சு தேறி வெளியே வந்தது. கடைசி மூன்று பருவங்களில் 17 சதவீதம். பகல் உச்ச வெப்பம் சராசரி 35.7 டிகிரியைத் தொட்ட கூடுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. நம் தீவு பாலைவனம் அன்று. ஆனால் ஆண் பறவை இரை தேடாமல் நிழலில் மூச்சு வாங்கி நின்றதுதான் அங்கே காரணம் என்று படித்தபோது, என் தொட்டியின் விளிம்பில் நின்ற அந்தத் தாயைத்தான் நினைத்தேன்.

மார்ச் மாதத்தில் பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவார் கரைக்குப் போய்ப் பாருங்கள். நீர் வற்றிய சேற்றில் சைபீரியாவுக்குத் திரும்பப்போகும் கரைப்பறவைகள் கொழுத்துக்கொண்டிருக்கும். அங்கே அவற்றின் கூட்டு நிலத்தில் பனி முந்தி உருகுகிறது. நம் சேற்றில் நிற்கும் பறவைக்கு அது எப்படித் தெரியும்? நெதர்லாந்துக் கதையில் ஆப்பிரிக்கா இருந்த இடத்தில் இங்கே நாம் இருக்கிறோம். ஆர்க்டிக்கில் பிறந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் ரெட் நாட் என்னும் கரைப்பறவையில் விளைவை அளந்தே பார்த்துவிட்டார்கள். 33 ஆண்டுகளில் பனி உருகுவது ஆண்டுக்கு அரை நாள் வீதம் முந்தியது. பூச்சி மிகுந்த நாள்கள் கைநழுவிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்து, அலகு குட்டையாகி வளர்ந்தன. குட்டை அலகுக்குச் சேற்றின் ஆழத்தில் இருக்கும் சிப்பி எட்டவில்லை. 2016-இல் வந்த செய்தி இது.

ஆனால் எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு மிக நெருங்கிய கதை பின்லாந்தில் நடந்தது. அங்கே ஆள்காட்டியும், வளைந்த நீண்ட அலகுடைய கர்லியூவும் உழவு நிலத்தில் தரையில் முட்டையிடும். 38 ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், வெப்பம் கூடியதால் விவசாயிகள் விதைப்பை ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார்கள். பறவைகளோ இரண்டு வாரத்துக்கும் மேல் முந்திவிட்டன. முன்பு விதைப்பு முடிந்த வயலில் முட்டையிட்டவை, இப்போது விதைப்புக்கு முன்பே இட்டுவிடுகின்றன. டிராக்டர் கூட்டின்மேல் ஏறிப் போகிறது. பறவையும் தவறு செய்யவில்லை, விவசாயியும் தவறு செய்யவில்லை. இருவரும் தத்தம் வழியில் பருவத்தைத் தொடர்ந்தார்கள், வேகம் ஒத்துவரவில்லை. எங்கள் மே மாத மரவெட்டும் இதுவேதான். அங்கே பறவை முந்தியது, இங்கே பிந்தியது.

ஆகவே என் கோரிக்கை வெட்டும் மாதத்தை மாற்றுங்கள் என்பது அன்று. ஜூலைக்கு மாற்றினால் ஜூலையிலும் ஓர் ஆண்டு கூடு இருக்கும். மாதத்தை நம்பாதீர்கள், மரத்தைப் பாருங்கள் என்கிறேன். வெட்டுவதற்கு முந்தின நாள் காலை ஏழரை மணிக்கு ஒருவர் மரத்தடியில் கால்மணி நேரம் நின்றால் போதும். குருவி அலகில் புல்லோடு உள்ளே போனால் கூடு கட்டுகிறது. புழுவோடு போனால் குஞ்சு இருக்கிறது. பச்சைப்புறாக் கூடு மட்டும் கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது. பத்துப் பதினைந்து குச்சிகளைத் தூக்கிப் போட்டதுபோல் இருக்கும், கீழிருந்து பார்த்தால் வானம் தெரியும். ஆனால் தாய் அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கூடு கண்ட மரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு மற்ற பத்து மரங்களை வெட்டுங்கள். துணி கட்டிய மரத்துக்கு நான்கு வாரம் கழித்து வாருங்கள்.

மரம் முறிந்து காரின்மேல், ஆளின்மேல் விழுந்தால் யார் பொறுப்பு என்று குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உளுத்த கிளை, மின்கம்பியைத் தொடும் கிளை, காற்றில் ஆடும் கிளை இருந்தால் அன்றே வெட்டுங்கள்; நானே வந்து ஏணி பிடிக்கிறேன். சென்ற மே மாதம் வெட்டியதில் அப்படிப்பட்ட கிளை ஒன்றுகூட இல்லை. பதினொரு மரத்தையும் ஒரே உயரத்துக்கு, கணு கணுவாக, மொட்டையடித்தார்கள். கார்மேல் பூக் கொட்டுகிறது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

இன்னொரு வேண்டுகோள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு. உங்கள் வகுப்பறைக் கூரையிலும் திடலோர மரத்திலும் சின்னானும் மைனாவும் குண்டுக்கரிச்சானும் கட்டாத ஆண்டு இல்லை. வகுப்பில் ஒரு காலண்டரை மாட்டி, முதல் கூடு, முதல் முட்டை, மரம் பூத்த நாள் மூன்றையும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். கையால் தொடவோ கூட்டை எட்டிப் பிடித்துப் பார்க்கவோ விடாதீர்கள். தூரத்தில் நின்று பார்த்தால் போதும். ஆண்டு முடிந்ததும் காலண்டரைக் குப்பையில் போடாதீர்கள். வைத்தமில் 1947-இல் முதல் பெட்டியைத் தொங்கவிட்டவர்கள் பருவமாற்றத்தை நினைத்து அதைச் செய்யவில்லை. எழுதி வைத்தார்கள், அழியாமல் வைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அது பேசியது.

இந்த ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதிக் கட்டத்தில் “சி.மு.” எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு குஞ்சுகள் பறந்துவிட்டன. நேற்றுக் காலையிலிருந்து தாய்க்குருவி மறுபடியும் லாலாங் புல்லைக் கொண்டுவந்து அதே தொட்டியின் மறுபக்கத்தில் வளைத்துக்கொண்டிருக்கிறது. கீழே நான்காவது அங்சானாவில், சென்ற ஆண்டு வெட்டிய கணுவிலிருந்து கிளைத்த கொம்பில், பச்சைப்புறா ஒன்று மூன்று நாளாக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் நடக்கிறது. மே மாத மரவெட்டு அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது. இதைப் படிக்கும் எங்கள் குடியிருப்புவாசிகள் தயவுசெய்து அதுவரை எழுந்து போகாமல் இருங்கள். நான் இருபத்தொரு காலண்டர்களையும் பையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு